ஒற்றைக் கோடு

இருபத்தொன்றுதான் வந்தது. அவன் திரும்ப எண்ணினான். சமையலறை மேடையில், கழுவிக் கவிழ்த்திருந்த தம்ளர்களுக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து, மாத்திரைகளை இரண்டிரண்டாக நகர்த்தினான். இருபத்தொன்று. ஸ்க்ரூ போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பியைக் கவிழ்த்துத் தட்டினான். கடைசி ஒன்று மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தான். மற்றவை ஆரஞ்சு. இது வெள்ளை. மேல்பூச்சு அவள் வாயிலேயே கரைந்துபோயிருந்தது.

இருபத்திரண்டு. பதினொரு நாள், காலை ஒன்று, மாலை ஒன்று.

கூடத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். அவன் மனைவி இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. வந்தவர்கள் உள்ளே போய் நின்றுவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே லிஃப்ட் நான்காவது மாடிக்கு வந்து நிற்கும்போதெல்லாம் கதவில் ஒரு சின்ன உராய்வு கேட்டது. ரோலர் தேய்ந்திருக்கிறது. இந்த மாதமே மாற்ற வேண்டும்.

"மாப்ள, இங்க தனியா நின்னு என்ன பண்றே?"

அவளுடைய அண்ணன் வாசலில் நின்றார். அவன் செய்தித்தாளின் பாதியை மடித்து மாத்திரைகளின் மேல் போட்டான்.

"தம்ளர் எடுக்க வந்தேன் மச்சான்."

"அதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்குவாங்க. வண்டிக்காரன் போன் பண்ணான். மூணு மணிக்கு வந்துடுவானாம். லிஃப்ட்ல இறக்கிடலாமான்னு கேக்கறான்."

"போகாது. உள்ள ஆழம் நாலே முக்கால் அடிதான். ஸ்ட்ரெச்சர் ஆறரை. படியிலதான் இறக்கணும். ரெண்டாவது மாடி திருப்பத்துல கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கும்."

மச்சான் அவனை ஒரு மாதிரி பார்த்தார். இந்த நேரத்தில் ஒருவன் அளவு சொல்கிறானே என்ற பார்வை. அவனுக்கும் அது விசித்திரமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து அளவுகள் மட்டும்தான் அவன் தலைக்குள் நின்றன.

மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கோபம் வந்தால் எங்கே நின்றாலும் வலது கால் தரையை அழுத்தும், இல்லாத பிரேக்கைத் தேடி. இப்போதும் அழுத்தியது.

"அந்த மாத்திரை பாட்டிலை எடுத்து வை. எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"என் ஸ்டூடண்ட் ஒருத்தன் லேப்ல இருக்கான். மூணு மாசமா ரிவர்ஸ் எடுக்க வரல அவனுக்கு. ஆனா மாத்திரைக்குள்ள இருக்கறது மருந்தா மாவான்னு ஒரே நாள்ல சொல்லிடுவான். நம்ம வக்கீலுக்கு மாவு குடுத்து ஏமாத்தியிருக்காங்க மாப்ள."

தங்கையை அவர் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார். ஐந்து வயதில், தூங்கச் சொன்னதற்கே காரணம் கேட்டவளாம்.

"அது ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான பாட்டில் மச்சான். திருப்பித் தரணும்."

"தங்கச்சி எனக்குச் சொந்தம். அதை அவங்க திருப்பித் தருவாங்களா?"

பதிலுக்கு நிற்காமல் ஃப்ரிட்ஜின் மேலிருந்த பாட்டிலை அவரே எடுத்துக்கொண்டார். பக்கத்தில் கிடந்த நீல நிற நாட்குறிப்பையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

பாட்டில் போனது பெரிதில்லை. நாட்குறிப்புதான். அதில் பதினொரு நாள் பொய் இருந்தது. அவன் கையெழுத்தில்.

அவளுடைய வேலை என்னவென்று யாருக்காவது சொல்லிப் புரியவைப்பது அவனுக்கு எப்போதுமே கஷ்டம். மருத்துவமனையில் வேலை. டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஒரு புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்வதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கம்பெனியிலிருந்து வரும்போது அது முப்பது பக்கம் இருக்கும். அதை ஆறு பக்கமாக்கி, பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கும் புரிகிற மாதிரி எழுதுவது அவள் வேலை.

'தாங்கள் சீரற்ற முறையில் ஒரு பிரிவுக்கு ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று வந்ததை அவள் இப்படி எழுதினாள்: 'பாதிப் பேருக்குப் புது மாத்திரை. மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் மருந்தில்லாத மாத்திரை. வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கும். டாக்டருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.'

எழுதியதை முதலில் தன் அம்மாவிடம் கொடுப்பாள். அத்தை ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பார். எங்கே தடுக்குகிறதோ அங்கே இவள் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள். அடிக்க மாட்டாள். டாக்டர்கள் எழுதியதிலும் அப்படித்தான். "வட்டம்னா தப்புன்னு அர்த்தம் இல்ல. இன்னொரு தடவை பாருன்னு அர்த்தம்," என்பாள். வீட்டுச் சாமான் பட்டியலில் அவன் 'தக்காளி ஐந்து கிலோ' என்று எழுதியிருந்தால் ஐந்தைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும்.

'இதனால் உங்களுக்குப் பயன் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியவரும்.' பெரிய டாக்டர் நடு வரியை எடுத்துவிடச் சொன்னார். படிக்கிறவர்கள் பயந்துவிடுவார்களாம்.

"பயப்படட்டும் சார். பயந்துட்டே கையெழுத்துப் போடட்டும். தெரியாம போடக் கூடாது."

வரி எடுபடாமல் அங்கேயே இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து அதே டாக்டர், அதே ஆறு பக்கத்தை அவள் முன்னால் வைத்தார். கட்டி கணையத்தில். வழக்கமான மருந்து மட்டும் போதாது என்ற நிலைமை. அவன் பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

"நான் எழுதினதுதான் சார். இருந்தாலும் நீங்க சொல்லுங்க. சரியா சொல்றீங்களான்னு பார்க்கறேன்."

டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைத் தாண்டினார். அவள் அதன் மேல் விரலை வைத்தாள். "இது விட்டுப்போச்சு சார்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையும் படித்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் சாட்சி.

கீழே இறங்கும்போது லிஃப்டில் அவன் கேட்டான், "உனக்கு நிஜ மாத்திரைதான் வந்திருக்கும், இல்ல?"

"கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணுறதைக் கேக்கக் கூடாதுன்னுதான் கம்ப்யூட்டர் வெச்சிருக்கு."

நாட்குறிப்பில் வாரத்துக்கு ஒரு பக்கம். நாளுக்கு இரண்டு கட்டம். சாப்பிட்டால் டிக். முதல் பக்கத்தில் அவள் எழுதிய வரிகளையே அச்சடித்திருந்தார்கள்: 'மாத்திரை சாப்பிடாத நாளில் சாப்பிடவில்லை என்று எழுதுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். நாளைக்கு ஒருவர் உங்கள் நாட்குறிப்பை நம்பித்தான் இந்த மருந்தைச் சாப்பிடப்போகிறார்.'

நாலரை மாதம் அவளே எழுதினாள். கை நடுங்க ஆரம்பித்த பிறகு எழுதும் பொறுப்பை அவனிடம் கொடுத்தாள். ஆய்வு நர்ஸ் வந்து முதல் பக்கத்தில் அவன் பெயரையும் கையெழுத்தையும் வாங்கிப்போனார்.

பதினொரு நாளுக்கு முன்னால் ஒரு காலையில் மாத்திரை இறங்கவில்லை. தண்ணீர்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. அவன் அவள் தலையைத் தூக்கிப் பிடித்தான். அவள் முயன்றாள், இருமினாள், பிறகு உதட்டைத் திறந்து அவன் உள்ளங்கையில் மாத்திரையை விட்டாள். உள்ளங்கையெல்லாம் ஆரஞ்சு.

தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை நின்றால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். எடுத்துவிட்டால் வாரம் ஒரு முறை வரும் நர்ஸின் போன் நின்றுவிடும். 'அடுத்த ஸ்கேன்' என்று குறித்து வைத்த தேதி நின்றுவிடும். அவன் லிஃப்ட் பரிசோதிக்கிறவன். எட்டு வருஷமாக லிஃப்டுகளில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போடுகிறவன். ஒரு முறை, பிரேக் சரியில்லை என்று, பதினாலு மாடி அலுவலகத்தை இரண்டு நாள் படியேற வைத்தவன். அன்றைக்குப் பேனாவை எடுத்து, கட்டத்தில் டிக் போட்டான். மாத்திரையை ஸ்க்ரூ டப்பியில் போட்டு டூல் பையில் வைத்தான். அதன் பிறகு, பாட்டில் கணக்கு ஒத்துப்போக, வேளைக்கு ஒன்று பாட்டிலிலிருந்து அந்த டப்பிக்குப் போனது.

ஒவ்வொரு மாலையும் அவள் கேட்டாள், "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

என்ன எழுதினாய் என்று அவள் கேட்கவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கட்டில் பக்கத்து மேசையில் தண்ணீர் பாட்டில், நாட்குறிப்பு, அவளுடைய குட்டைப் பென்சில். பென்சிலை மட்டும் எடுத்து வைக்க விடவில்லை. அது இல்லாவிட்டால் கை சும்மா இருக்கிற மாதிரி இருக்கிறதாம்.

லிஃப்ட் வந்து நின்றது. ஆய்வு நர்ஸ். சீருடை இல்லாமல் பார்த்தபோது யாரோ போலிருந்தார். காலையில் அவன்தான் போனில் சொல்லியிருந்தான். அவர் நேராகப் படுக்கையறைக்குப் போனார். வெகு நேரம் நின்றார். போர்வையின் ஓரத்தை ஒருமுறை சரிசெய்தார். வெளியே வந்தபோது மச்சான் வழியில் நின்றார், கையில் பாட்டில்.

"இதுக்குத்தானே வந்தீங்க?"

"இல்ல சார். இதை அடுத்த வாரம் குடுத்தாலும் போதும். நான் அவளைப் பார்க்க வந்தேன். நாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை."

"அப்போ ஃப்ரெண்டாவே சொல்லுங்க. ஃப்ரெண்டுக்குக் குடுத்தது மருந்தா, மாவா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா, சொல்லக் கூடாதா?"

"தெரியாது சார். எனக்குத் தெரிஞ்சிருந்தா அவ என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பா. உங்க தங்கச்சியைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? அதனாலதான் எங்களுக்கே சொல்றதில்ல."

நாற்காலியில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார்.

"ஆய்வு முடிஞ்சதும் எழுதிக் கேளுங்க. எது குடுத்தாங்கன்னு எழுத்துலயே சொல்லுவாங்க," என்றார் நர்ஸ். "இந்தப் பாட்டிலை மட்டும் லேப்ல குடுத்தா இவ என்ன சாப்பிட்டான்னு தெரியும். அந்த மருந்து வேலை செய்யுதான்னு தெரியாது. அதுக்கு முன்னூத்தம்பது பேரோட புக்கும் சேர்ந்து வரணும்."

மச்சான் விடவில்லை. நாட்குறிப்பை விரித்து நர்ஸின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"புக்குதானே? பாருங்க இந்த புக்கை. அஞ்சு மாசம். ஒரு வேளை விடல. நேத்து சாயங்காலம் வரைக்கும் டிக். இவ்வளவு ஒழுங்கா சாப்பிட்டும் ஒருத்திக்குக் கேக்கலைன்னா அது என்ன மருந்து? இதை உங்க மேலிடத்துல காட்டப்போறேன். பேப்பர்காரங்க கிட்டயும் காட்டுவேன்."

கூடம் முழுவதும் அந்தப் பக்கத்தைப் பார்த்தது. வரிசையாக, ஒரே அளவில், அழகான டிக்குகள்.

அவன் சமையலறைக்குப் போனான். செய்தித்தாளின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தான்.

"புக்கு சரியில்ல மச்சான்."

"என்ன?"

"கடைசிப் பதினோரு நாள் அவ சாப்பிடல. முழுங்க முடியல. நான்தான் டிக் போட்டேன். இருபத்திரண்டும் இங்க இருக்கு."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மாத்திரைகளைப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. மச்சானின் வலது கால் தரையை அழுத்தியது. அப்படியே நின்றது.

"பதினோரு நாளா மருந்தே உள்ள போகல."

"போகல."

"ஒரு போன் பண்ணியிருந்தா டியூப் போட்டு, ஊசில ஏத்தி... ஏதாவது பண்ணியிருப்பாங்கல்ல? அப்போ நீதான் மாப்ள... நீதான்..."

அவர் முடிக்கவில்லை. படுக்கையறை வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. அழுது கரகரத்த குரல், ஆனால் சத்தமாகத்தான் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அதே சத்தம்.

"டியூப் வேண்டாம்னு அவளே டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்தாடா. எங்கிட்டதான் படிக்கக் குடுத்தா, புரியுதான்னு. புரிஞ்சுதுன்னு நானே சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "தண்ணியைப் பஞ்சுல நனைச்சு உதட்டுல வெச்சது நான். கல்லு மாதிரி மாத்திரை எங்கேருந்து இறங்கும்? நீ ஞாயித்துக்கிழமை வந்து வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போனவன். பேசாத."

மச்சான் தரையை அழுத்திய காலை எடுத்தார்.

அத்தை வந்து மேசைப் பக்கம் உட்கார்ந்தார். மாத்திரைகளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அந்த புக்குல முதல் பக்கத்துல இருக்குமே, 'யாரும் திட்ட மாட்டார்கள்'னு. அது முதல்ல இல்ல மாப்பிள்ளை. நான் படிச்சுட்டுக் கேட்டேன், சாப்பிடலைன்னு எழுதினா திட்டுவாங்களாடின்னு. அப்புறம்தான் சேர்த்தா."

அவன் தலையசைத்தான். நர்ஸைப் பார்த்தான்.

"இப்போ என்ன பண்ணணும் சிஸ்டர்?"

"இன்னைக்கு வேண்டாம் சார்."

"இன்னைக்கே பண்ணிடறேன். சொல்லுங்க."

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் வேலைக் குரலாகியது. அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது.

"எழுதினவங்கதான் திருத்தணும். வைட்னர் கூடாது. கிறுக்கக் கூடாது. தப்பான டிக் மேல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கறது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்து, இன்னைக்குத் தேதி."

"எதுக்கு அடியில படிக்கத் தெரியணும்?" மச்சான்தான் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"முதல்ல என்ன எழுதினாங்கங்கறதும் நடந்ததுதானே சார். அதை மறைக்கக் கூடாது."

"இதை வெச்சு மாப்ளைய ஏதாவது பண்ணுவாங்களா?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. முதல் பக்கத்துலயே எழுதியிருக்கு."

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பேனா இல்லை. மச்சான் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் பேனா. டிரைவிங் ஸ்கூலின் போன் நம்பர் அதில் தங்க எழுத்தில் இருந்தது.

"நீலம். பரவாயில்லையா சிஸ்டர்?"

"நீலம்தான் வேணும்."

பேனாவையும் நாட்குறிப்பையும் அவன் முன்னால் வைத்துவிட்டு, பாட்டிலையும் பக்கத்தில் வைத்துவிட்டு, மச்சான் வெளியே போனார். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழே தெருவிலிருந்து அவர் குரல் கேட்டது. "யாருங்க இது, வண்டியைக் குறுக்க போட்டது? மூணு மணிக்குப் பெரிய வண்டி வருது. எடுங்க. ஸ்டியரிங்கை ஒடிங்க. இன்னும். இன்னும் ஒடிங்க."

அவன் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினான். நேற்று மாலை. டிக்கின் மேல் ஒரு கோடு. 'சாப்பிடவில்லை.' கையெழுத்து. பிறகு தேதி. இன்றைய தேதியை அவன் இன்னும் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதினான். நேற்று காலை. கோடு. 'சாப்பிடவில்லை.' கையெழுத்து. தேதி. நர்ஸ் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையசைத்தார். அத்தை மாத்திரைகளை இரண்டிரண்டாக எடுத்து, நர்ஸ் நீட்டிய காகித உறையில் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை மாத்திரை வந்தபோது அதை மட்டும் கையில் வைத்துக் கொஞ்சம் பார்த்தார். பிறகு அதையும் போட்டார்.

நேற்றிலிருந்து முந்தாநாள். அதற்கு முந்தின நாள். கோடுகள் நேராகவே வந்தன. எட்டு வருஷப் பழக்கம். ஏழு நாள் முடிந்தது.

தாளைப் பின்னால் திருப்பினான். முந்தின வாரத்துப் பக்கம். எழுதி முடித்த வாரத்தை அவன் திருப்பிப் பார்த்ததே இல்லை. இன்னும் நான்கு நாள். மூன்று. இரண்டு.

முதல் நாள் காலைக் கட்டத்துக்கு வந்தான். அவன் போட்ட முதல் பொய் டிக். அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் இருந்தது. நடுங்கி நடுங்கிப் போன வட்டம். தொடங்கிய இடத்துக்கு வந்து சேராமல் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது.

"என்ன சார்?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

நர்ஸ் எட்டிப் பார்த்தார். அவர் மேசைக்குப் பக்கத்து மேசையில் நாலு வருஷம் பார்த்த வட்டம். அத்தையிடமிருந்து உறையை வாங்கி, அதன் வாயை மடித்து ஒட்ட ஆரம்பித்தார்.

வெளியே லிஃப்ட் வந்து நின்று, உராய்ந்து, திறந்தது. யாரோ செருப்பைக் கழற்றினார்கள். அவன் பேனாவை எடுத்து, டிக்கின் மேல் கோடு போட்டான். மற்றக் கோடுகளைவிடச் சின்னக் கோடு. பென்சில் மேல் மை படாமல், வட்டத்துக்குள்ளேயே நிறுத்தினான்.